கூடாரத் திருநாளும் நம் லைன் வீடுகளும்



விளைச்சலைச் சேர்த்தபின் இஸ்ராயேலர் கூடாரத் திருநாள் கொண்டாடினர். நல்ல வீடு இருந்தும், ஏழு நாள் இலைதழைக் குடிசையில் தங்கவேண்டும். எகிப்திலிருந்து மீட்கப்பட்ட முன்னோர் குடிசைகளில் வாழ்ந்ததைப் பிள்ளைகள் அறியவேண்டும் என்பதே சர்வேசுரன் லேவியராகமத்தில் சொன்ன காரணம். விருந்திலே அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் பங்குண்டு.

மஞ்சூராருக்கு இது தூரத்துக் கதையன்று. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தோர் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலை தரவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. லைன் வீட்டில் முதல் இரவைக் கழித்த பாட்டியின் கதையை உங்கள் பிள்ளைகள் அறிவார்களா?

இன்று ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்திருப்போரும் அப்படித்தான் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு நம் பாஷை வராது, பரவாயில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழைக்கும்போது அவர்கள் லைனுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.