பிள்ளையின் இயல்பும் நாம் கொடுக்கும் கல்வியும்

எங்கள் பொல்பிட்டியவில் ஒரு நீர்மின் நிலையம் உண்டு. லக்ஷபான நீர்த்தேக்கத்து நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து இங்கே மின்சாரத்தைத் தருகிறது. மேலிருந்து கீழே பாய்வது நீரின் இயல்பு. பொறியியலாளர்கள் அந்த இயல்பை மாற்றவில்லை. அது பாய்வதற்கு நல்லதொரு வழியை அமைத்தார்கள். பிள்ளைகளின் கல்வியும் இப்படித்தான் அமைய வேண்டும்.

ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ எனும் தூய இயல்போடு பிறக்கிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தமது ‘இஹ்யா உலூமுத்தீன்’ நூலில், பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்கிறார்கள். பாடம் முடிந்ததும் பிள்ளையை விளையாட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் அதன் உள்ளம் சோர்ந்து அறிவு மங்கிவிடும் என்றும் அதே நூலில் எச்சரிக்கிறார்கள்.

1907 ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரில் தொழிலாளர்கள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் மரியா மொண்டிசோரி அம்மையார் ஒரு சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போக, பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் நமது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை இது நினைவூட்டுகிறது அல்லவா? அங்கே பிள்ளைகள் தாமே பொருள்களைத் தெரிவு செய்தார்கள். சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பின்பே எழுதினார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அம்மையார், 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று நாம் முன்பள்ளியை ‘மொண்டிசோரி’ என்றே அழைக்கிறோம். ஆனால் அங்கேயே வீட்டுப்பாடம் கேட்கிறோம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். கிராமத்து ஏழைப் பிள்ளைகளும் மத்திய கல்லூரிகளில் படிக்க வேண்டும் என்பது இலவசக் கல்வியின் தந்தை சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் கனவு. பத்து வயதுப் பிள்ளையின் விளையாட்டைப் பறிக்கும்படி அவர் சொல்லவில்லை. அதை நாம்தான் செய்கிறோம். நானும் செய்தேன்.

சென்ற வருடம் என் தம்பி தரம் 4இல் படித்தான். தினமும் மாலையில் மாதிரி வினாத்தாள் செய்விப்பது என் பொறுப்பு. ஒரு நாள் வினாத்தாளின் பின்பக்கத்தில் அவன் ஒரு குருவிக்கூட்டை வரைந்திருந்தான். எங்கள் கொய்யா மரத்துக் கூடு அது. மூன்று முட்டைகள், எந்த நாளில் எது பொரித்தது என்றெல்லாம் குறித்திருந்தான். “இது சோதனைக்கு வருமா?” என்று கேட்டு அந்தத் தாளைக் கிழித்தேன். அவன் அழவில்லை. அதன் பிறகு வினாத்தாள்களைச் சரியாகவே செய்தான். ஆனால் ஓயாமல் கேள்வி கேட்பவன், என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டான்.

சில வாரங்களின் பின் அபூ உமைர் என்ற சிறுவனைப் பற்றி வாசித்தேன். அவன் வளர்த்த நுகைர் எனும் சிறு பறவை இறந்துவிட, சோர்ந்திருந்த அவனிடம் நபியவர்கள் அந்தப் பறவையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். எத்தனையோ பொறுப்புகளுக்கு நடுவில், ஒரு பிள்ளையின் குருவிக்கு நேரம் ஒதுக்கினார்கள்.

அன்று மாலை தம்பியிடம், “அந்தக் குஞ்சுகளுக்கு என்ன நடந்த?” என்று கேட்டேன்.

“பறந்து போயிட்டு தாத்தா. ஒங்களுக்கு நான் சொல்லல்ல” என்றான்.

கூட்டைத் தொடாமல் தூர நின்று பார்த்தானே, அது பொறுமை. குஞ்சுகளுக்காகப் பூனையை விரட்டினானே, அது இரக்கம். வினாத்தாளில் இவற்றுக்குப் புள்ளி இல்லை. ஆனால் நற்குணம் என்று நாம் தேடுவது இவற்றைத்தானே!

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பார்கள். வளைப்பது வேறு, ஒடிப்பது வேறு. அன்பார்ந்த பெற்றோர்களே, சகோதரிகளே, பிள்ளை பாடசாலை விட்டு வந்ததும் “எத்தனை புள்ளி?” என்று கேட்கும் முன், “இன்று என்ன பார்த்தாய்?” என்று கேட்போம். பதில் சொல்லும்வரை பொறுத்திருப்போம்.

இவ்வருடம் தம்பிக்குப் பரீட்சை. அவன் படிக்கத்தான் செய்கிறான். ஆனால் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம் அவனுடையது. கேள்விகளும் மெல்ல மெல்லத் திரும்பி வருகின்றன, அல்ஹம்துலில்லாஹ்.