பழைய காரின் தகட்டைப் பிரிக்கும் அறிவியல்



நம் நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அது அறிமுகமானது. சிடாம் கிரி பக்கம் யாராவது ஒரு தாத்தா இன்னும் அதைப் பாதுகாத்து வைத்திருக்கலாம்.

அப்படிப்பட்ட ஒரு காரில், பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டைப் பெரும்பாலும் மரையாணிகளைத் திருகியே கழற்றிவிடலாம். பின் தகடு அப்படியல்ல. அது காரின் உடலோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை எப்படிப் பிரிப்பது? அது எப்படி இணைக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் பிரிக்கும் வழி புரியும்.

புள்ளி உருவாகும் விதம்

தொழிற்சாலையில் இரண்டு எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இருபுறமும் செம்பு முனைகளால் அழுத்துவார்கள். பிறகு, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் செலுத்துவார்கள். இதுவே புள்ளிப் பற்றவைப்பு. பட்டறைகளில் இதை ஸ்பாட் வெல்டிங் என்பார்கள். மின்தடையால் பற்றவைக்கும் இந்த முறைக்கு 1880களில் வழிவகுத்தவர் எலிஹு தாம்சன்.

இதன் சூத்திரம் எளிது:

வெப்பம் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை × நேரம்

மின்னோட்டம் 8,000 ஆம்பியர், மின்தடை 0.0001 ஓம், நேரம் 0.2 விநாடி என்று கொள்வோம். கிடைக்கும் வெப்பம் 1,280 ஜூல். இது 200 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயர்த்தும்! அப்படியிருக்க, சுமார் 1,500 டிகிரியில் உருகும் எஃகு எப்படி உருகுகிறது?

வெப்பம் மிகச் சிறிய இடத்தில், மிகக் குறைந்த நேரத்தில் குவிவதுதான் காரணம். இரு தகடுகளும் தொடும் இடத்தில் மின்தடை அதிகம். ஆகவே அங்கேதான் எஃகு முதலில் உருகிக் கலக்கிறது. செம்பு முனைகள் வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவதால் வெளிப்பரப்பு உருகுவதில்லை. ஒரு சிறு வட்டப் பள்ளம் மட்டும் தெரியும்.

பிரிக்கும் முறை

முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, எண்ணெய்த் தொட்டியையும் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு ஓரங்களில் உள்ள சாயத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் வட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு குழி அடித்து, துளைக்கருவியால் மேல் தகட்டை மட்டும் துளைக்க வேண்டும். இதற்குத் தட்டையான முனையுள்ள அலகு தேவை. கூர்மையான அலகு என்றால், புள்ளி முழுவதும் அறுபடுவதற்குள் அடித்தகட்டையும் துளைத்துவிடும்.

அதன்பின் மெல்லிய உளியை இடையில் செருகித் தகடுகளைப் பிரிக்கலாம். எங்காவது இன்னும் ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. நல்ல புள்ளி, சுற்றியுள்ள தகட்டைவிட உறுதியானது. இழுத்தால் தகடுதான் கிழியும்.

எரிவாயுச் சுடரால் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்று கேட்கலாம். மெல்லிய தகடு சூட்டில் சமமின்றி விரிந்து நெளிந்துவிடும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

உயிர் காக்கும் தகடு

இவ்வகைக் கார்களில் தனிச் சட்டகம் கிடையாது. உடலின் தகடுகளே எலும்புக்கூடு போலச் சுமையைத் தாங்குகின்றன. ஆகவே, தகட்டைப் பிரிக்கும் முன் அளவெடுத்து, உடல் வளையாதபடி முட்டுக்கொடுக்க வேண்டும். துருவின்மேல் புட்டி பூசிச் சாயம் அடித்தால் கார் புதியது போல மின்னும். ஆனால் விபத்தில் அந்த இடம் தாங்காது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து.

புதிய தகட்டில் துளைகளிட்டு, அவற்றை உருகிய எஃகால் நிரப்பிப் பற்றவைப்பார்கள். இணைப்புக்கு இடையே துத்தநாகம் கலந்த பூச்சு பூசுவது வழக்கம். நம் ஊர் மழைநீர் அந்த இடுக்கில் தேங்கினால் மீண்டும் துருதான்!

இது பயிற்சி பெற்றவர்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யும் வேலை. நீங்கள் வீட்டில் முயல வேண்டாம்.

சிந்தித்துப் பாருங்கள்: மேலே கொடுத்த கணக்கில் மின்னோட்டம் 4,000 ஆம்பியராகக் குறைந்தால் வெப்பம் எவ்வளவு? 640 ஜூல் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். சூத்திரத்தை மீண்டும் பாருங்கள். அந்தப் புள்ளியை நம்பிக் காரில் ஏறலாமா என்பதையும் காரணத்துடன் எழுதுங்கள்.