இலையுதிர் காலம் வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

1. எடுத்தவுடன் ஆரஞ்சுக் குழாயைப் பிதுக்காதீர்கள். ரஷ்ய ஓவியர் ஐசக் லெவிடன் 1895-இல் தீட்டிய ‘பொன் இலையுதிர் காலம்’ ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்றை எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். பிர்ச் மரங்களின் மஞ்சள்தான் முதலில் கண்ணை இழுக்கும். பிறகு ஆற்றைப் பாருங்கள்: கருநீலம், கை வைத்தால் விறைத்துவிடும் போலிருக்கும். தொலைவில் வயல் இன்னும் பச்சை. இப்போது அந்த ஆற்றை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சள் அத்தனையும் சோர்ந்துவிடும். பருவத்தின் மனநிலையை நாம் இலையில் தேடுகிறோம். பெரும்பாலும் அது இலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2. இலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சையம் சிதையச் சிதைய, கோடை முழுவதும் மறைந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. மேப்பிளின் சிவப்போ அந்த நாட்களில் புதிதாக ஊறுவது. வெயில் படும் பக்கம் அது கூடுதல். ஆகவே மஞ்சளை அடியில் பூசுங்கள், சிவப்பைக் கடைசியில், வெளிச்சம் விழும் கிளையில் வையுங்கள். குளிர்நாட்டுக்குப் போக முடியாதவர்கள் உதிர்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றைப் பொறுக்கி வந்து, அதன் சிவப்பும் பழுப்பும் எங்கே கலக்கின்றன என்று பார்த்து வரையலாம்.

3. கண்ட நிறத்தைக் கூச்சத்தால் மங்கவைக்காதீர்கள். அமெரிக்கரான ஜாஸ்பர் கிராப்சி 1860-இல் ஹட்சன் ஆற்றங்கரையின் இலையுதிர் காலத்தை லண்டனில் காட்சிக்கு வைத்தபோது, இப்படியும் மரம் சிவக்குமா என்றார்கள். அவர் அமெரிக்க மரங்களின் நிஜ இலைகளையே ஓவியத்தின் அருகில் வைத்துக் காட்டினார்.

4. இந்தப் பருவம் என்றாலே சோகம் என்று முடிவுகட்ட வேண்டாம். லெவிடனின் ‘சொகோல்னிகி’ ஓவியத்தில், பாதையில் கறுப்புடைப் பெண் ஒருத்தி தனியே நடக்கிறாள். அங்கே சோகம் உண்டு. 1565-இல் ஓவியர் புரூகல் தீட்டிய இலையுதிர் காலப் படத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அங்கே இருப்பது வேலை.

5. எனக்கு மிகவும் பிடித்தது சீன ஓவியர் ஜாவ் மெங்ஃபு 1296-இல் வரைந்த இலையுதிர் காலச் சுருள் ஓவியம். நண்பர் சோவ் மீயின் பூர்வீகம் ஷாண்டோங். அவரோ அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அங்கே அதிகாரியாக இருந்து திரும்பிய ஜாவ், நண்பருக்காக அந்த ஊரைத் தாளில் கொண்டுவந்தார். கூர்மையாக ஒரு நீல மலை, உருண்டையாக ஒன்று, நடுவில் சதுப்பு நிலம், குடிசைகள். சிவப்பு அங்கங்கே சில மரங்களில் மட்டும். ஏக்கத்துக்கு அவ்வளவே போதுமாக இருந்திருக்கிறது. நீங்களும் தூரிகையை எடுக்குமுன், யாருக்காக வரைகிறீர்கள் என்று யோசியுங்கள். அவர் தேடக்கூடிய மலையை முதலில் வரைந்துவிட்டு, பிறகு மரங்களுக்கு வாருங்கள்.