ஆபரேஷனுக்கு முன் தூக்கம் வராத மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியெல்லாம் போனில் எதையோ தேடித் தேடிப் படிக்கிறாய் என்று ஆவடியிலிருந்து உன் அம்மா பேசும்போது சொன்னாள். "தைரியமா இரு" என்று இதற்குள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக வேலை பார்த்த நான் அதைச் சொல்லமாட்டேன். பயமே இல்லாமல் உள்ளே வந்த பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் சீக்கிரம் நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 97 பேரைப் பற்றிய ஆய்வு 1964-ல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் மயக்க மருந்து டாக்டர் முந்தின நாளே வந்து, வலி எங்கே வரும், எப்படி மூச்சு விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்தில் பாதியளவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கும் சீக்கிரமே போனார்கள். அதனால்தான் இதையெல்லாம் விவரமாக எழுதுகிறேன்.

கட்டி என்றதுமே புற்றுநோயோ என்று நினைத்திருப்பாய். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது வருகிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. அதில் புற்றுநோய் இருப்பது மிக அரிது, உன் வயதில் இன்னும் அரிது. எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அது எல்லோருக்கும் செய்கிற வழக்கமான பரிசோதனை. அந்தச் சீட்டைப் பார்த்துப் பதறாதே.

"ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்றாங்கம்மா" என்று உன் அம்மாவிடம் அழுதாயாம். கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் முன்னெச்சரிக்கையாகக் கேட்கிறார்கள். நீ செய்ய வேண்டியது உன் ஹீமோகுளோபினைக் கவனிப்பது. மாதாமாதம் உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் ரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. மாத்திரையால் ஏறவில்லை என்றால் ஊசி வழியாகவும் ஏற்றலாம், டாக்டரிடம் கேள். டீ குடித்த கையோடு மட்டும் போடாதே, சத்து உடம்பில் சேராது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். உனக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையை அப்படியே விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு கட்டி என்றால் கர்ப்பப்பையையே எடுப்பதுதான் வழக்கம். அது வேண்டியதில்லை என்று வாதாடி, செய்தும் காட்டியவர் லண்டனில் இருந்த விக்டர் பான்னி என்ற டாக்டர். அவர் மனைவிக்கே இளம் வயதில் இதே கட்டிக்காகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டு, குழந்தை இல்லாமல் போயிற்று. இன்றைக்கும் நம் நாட்டில் தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுக்கும் கொடுமை நடக்கிறது. 2023-ல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்து, மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆகவே சம்மதப் படிவத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே. டில்லியில் ஒரு பெண் பரிசோதனைக்கென்று மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அது செல்லாது, உயிர் போகிற அவசரம் இல்லாதபோது வயதுவந்த பெண்ணுக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "உள்ளே ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வருமா? திரும்பவும் கட்டி வருமா? எத்தனை மாதம் கழித்துக் குழந்தைக்கு முயலலாம், பிரசவம் சிசேரியனாகத்தான் இருக்குமா?" இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி டாக்டர் முன்னால் வை. ஓபி கூட்டத்தில் வாய் அடைத்துவிடும். தாள் கையில் இருந்தால் கேட்டுவிடலாம்.

அன்று காலை நகைகளையெல்லாம் கழற்றச் சொல்வார்கள். ரத்தக்குழாயை மின்சாரத்தால் பொசுக்கி அடைப்பதால், உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. தாலியைக் கழற்றச் சொன்னால் உன் மாமியார் சங்கடப்படலாம். வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாமா என்று வார்டு சிஸ்டரிடம் முதல் நாளே கேட்டுவிடு, பேச்சு வளராது. நெயில் பாலிஷை எடுத்துவிடு, மருதாணி வைக்காதே. விரலில் மாட்டும் கிளிப் ஆக்சிஜன் அளவைச் சரியாகக் காட்ட வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னால் ஒரு பிஸ்கட்டும் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தியேட்டர் ஜில்லென்று இருக்கும். உடம்பு நடுங்குவது பாதி குளிரால்தான். போர்வை கேள், தருவார்கள். முதுகில் ஊசி என்றால் முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகை வளைத்து உட்காரச் சொல்வார்கள், ஒருவர் உன் தோளைப் பிடித்துக்கொள்வார். முழு மயக்கம் என்றால், பேசிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகும். அடுத்து விழிக்கும்போது சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும். லேப்ராஸ்கோபி செய்திருந்தால் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றில் செலுத்திய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருகிற வலி அது. நெஞ்சுவலி என்று பயந்துவிடாதே. நர்ஸிடம் சொல்லி வை, ஓரிரு நாளில் அடங்கிவிடும். சீக்கிரமே எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலித்தாலும் நட, காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது உதவும்.

வீட்டுக்கு உன்னைப் பார்க்க வருகிறவர்கள் அவரவருக்குத் தெரிந்த கதையெல்லாம் சொல்வார்கள். அவர்களை உன் அம்மா ஹாலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பட்டும்.

சம்பளம் போய்விடுமே என்று அம்பத்தூர் எஸ்டேட் வேலையை நினைத்தும் கவலைப்படுகிறாயாம். உனக்கு இஎஸ்ஐ இருக்கிறது. சந்தா நாட்கள் கணக்குச் சரியாக இருந்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் இல்லாமல் அது வராது, மறக்காமல் வாங்கிக்கொள். சனிக்கிழமை லோக்கல் ரயிலில் வருகிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் நீ எழுதிய கேள்வித் தாளையும் எடுத்து வை.

உன் பெரியம்மா,
அம்பத்தூர்