பாலையின் விளிம்பில் ஓர் இருப்புப்பாதை

நுழையும்முன்

மழை வரும் என்று நம்பி இடப்பட்ட இருப்புப்பாதை ஒன்று தென் ஆஸ்திரேலியாவில் உண்டு. நம்பிய மழை பொய்த்தது. எதிர்பாராத வெள்ளம் தண்டவாளத்தை அரித்தது. எனினும் அதன் ஒரு பகுதியில் இன்றும் நீராவி வண்டி ஓடுகிறது.

கொய்டரின் கோடு

1865ஆம் ஆண்டு தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கொய்டர் தென் ஆஸ்திரேலிய வரைபடத்தில் ஒரு கோடு இட்டார். அதற்கு வடக்கே வறட்சி மிகுதி. அந்நிலம் மேய்ச்சலுக்கன்றி உழவுக்கு ஏற்றதன்று என்றார். பின்வந்த சில ஆண்டுகளில் மழை நன்கு பெய்யவே, ஏர் செல்லும் இடத்திற்கு மழையும் வரும் என்ற எண்ணம் மக்களிடையே பரவியது. 1874இல் அரசும் கோட்டிற்கு அப்பால் உழவுக்கு நிலம் அளித்தது.

விளையப்போகும் கோதுமையைத் துறைமுகம் சேர்க்க வண்டி வேண்டுமல்லவா? 1878இல் போர்ட் அகஸ்டாவில் பணி தொடங்கியது. பிச்சி ரிச்சிக் கணவாயில் தொழிலாளர்கள் கற்களைக் கையால் அடுக்கித் தாங்குசுவர்கள் எழுப்பினர். 1067 மில்லிமீட்டர் அகலமுடைய குறுகிய பாதை 1879இல் குவார்ன் நகரை எட்டியது. ஓரிரு ஆண்டுகளிலேயே வறட்சி திரும்பியது. உழவர் பலர் நிலத்தைக் கைவிட்டனர். கூரையிழந்த அவர்களுடைய கல்வீடுகள் அப்பகுதியில் இன்றும் நிற்கின்றன.

ஒட்டகமும் வண்டியும்

பாதை மட்டும் நிற்கவில்லை. 1891இல் ஊட்னடாட்டாவையும், நெடுங்காலம் கழித்து 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்சையும் அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதை முடிந்த இடத்திலிருந்து சரக்கைச் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியோர் ஆப்கானியர் எனப்பட்டனர். ஆனால், இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து சென்றோரும் அவர்களுள் பலர். வண்டி அவர்களது பிழைப்பைப் பறித்தது. அவர்களது பெயரையே சுருக்கி ‘கான்’ என்று தானும் வழங்கப்பெற்றது.

வறண்ட ஆற்றுப்படுகைகளின் வழியே தண்டவாளம் சென்றதால், திடீர் வெள்ளம் அதனை அடிக்கடி பெயர்த்தது. பயணிகள் நாள்கணக்கில் காத்துக்கிடந்தனர். 1954இல் டீசல் எஞ்சின்கள் வந்தபின் நீருக்கான அலைச்சல் ஒழிந்தது; வெள்ளம் ஒழியவில்லை. 1956இல் குவார்னைத் தவிர்த்து மலைக்கு மேற்கே முன்னதைவிட அகலமான பாதை அமைந்தது. 1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்சிற்கு வேறு வழியில் புதிய பாதை திறக்கப்பட, பழைய கான் பாதை மூடப்பட்டது.

மீட்டவர்கள்

அதற்கு முன்பே, 1973இல், தன்னார்வலர்கள் கூடிப் பிச்சி ரிச்சி இருப்புப்பாதைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். கணவாயின் பாலங்களையும் கற்சுவர்களையும் காப்பதே அவர்களது முதல் நோக்கம். மறு ஆண்டே வண்டியும் ஓடியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே அகலப் பாதையில் உழைத்த எஞ்சின்கள் இங்கு வந்தன. பழைய கான் வண்டியை இழுத்த என்.எம். 25 என்னும் எஞ்சினும் பழுதுநீக்கப்பட்டுத் தன் பழைய பாதைக்கே திரும்பியது.

எஞ்சின் ஓட்டுவது முதல் பயணச்சீட்டுக் கொடுப்பதுவரை அனைத்தும் தன்னார்வலர் பணியே. கோடையின் உச்சத்தில் மட்டும் வண்டிக்கு ஓய்வு. காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி விழுந்தாலும் காடு பற்றிவிடும்.