முடிவு வரும்வரை: நர்ஸ் தேர்வு எழுதிய மகளுக்கும் அவள் வீட்டாருக்கும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சென்ற வாரம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம் பென்னாகரத்து மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், பொண்ணு பெங்களூர் போய் அமெரிக்கா நர்ஸ் பரீட்சை எழுதிட்டு வந்துருச்சு. 85-வது கேள்வியோட கம்ப்யூட்டர் தானா நின்னுடுச்சாம். ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கு. பாஸா ஃபெயிலானு கொஞ்சம் ஃபால் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஃபால் பார்ப்பது நமக்கு ஆகாது. மறைவானதைச் சொல்வதாகக் கூறுபவனிடம் போய்க் கேட்டவனின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி இருக்கிறது. அதை அவரிடம் மென்மையாகச் சொல்லிவிட்டு, அது என்ன தேர்வு என்று கேட்டேன். அவர் போன் போட்டு மகளிடம் கொடுத்தார். அந்தப் பிள்ளை சொன்னதையும் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். நம் பகுதிப் பிள்ளைகள் நிறையப் பேர் நர்சிங் படிக்கிறார்கள். இன்று ஒரு வீட்டில் இருக்கும் கவலை நாளை பல வீடுகளுக்கு வரும்.

என்க்ளெக்ஸ் என்ற அந்தத் தேர்வில் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் சற்று எளிதாகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150. நேரம் 5 மணி. அதில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அவை சோதனைக்காகச் சேர்த்தவை. எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. இவள் தகுதிக்கோட்டுக்கு மேலே இருக்கிறாள், அல்லது கீழே இருக்கிறாள் என்று கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் உறுதியானதும் தேர்வு நின்றுவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு என் ஹிஃப்ழு மத்ரஸா நாள்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் உஸ்தாத் ஓதச்சொல்லிச் சோதிப்பதும் இப்படித்தான். ஓர் ஆயத்தின் நடுவிலிருந்து எடுத்துக்கொடுப்பார். தொடர்ந்து ஓதிவிட்டால், ஒன்றுபோலவே வரும் ஆயத்துகள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவார். அங்கும் தப்பித்தால் இன்னும் சிக்கலான இடம். நன்றாக மனனம் செய்த பையனையும் சீக்கிரம் அனுப்பிவிடுவார், ஒன்றும் தெரியாத பையனையும் சீக்கிரம் அனுப்பிவிடுவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பவனைத்தான் உட்காரவைத்து வியர்க்கவைப்பார். ஒருமுறை நான் மூன்று இடத்தில் தடுமாறிவிட்டு, தோற்றுவிட்டேன் என்று அழுதுகொண்டே வெளியே வந்தேன். தேறியிருந்தேன். அவர் கேட்டதெல்லாம் என்னால் முடியுமா முடியாதா என்கிற விளிம்பில்தான்.

அந்தத் தேர்வும் ஒவ்வொருவரின் விளிம்பைத் தேடிப்போகும் தேர்வு. அதனால் நன்றாக எழுதியவருக்கும் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் தவறிப்போகும். "எல்லாமே கஷ்டமா இருந்துச்சு, போச்சு" என்று வெளியே வரும்போது தோன்றுகிறதே, அதை வைத்து வெற்றி தோல்வி எதையும் கணிக்க முடியாது. 85-இல் நின்றதும் அப்படியே. மகளே, உன் மனம் சொல்லும் முடிவு முடிவல்ல.

சரி, அப்படியானால் எப்போது தெரியும்? எந்த அமெரிக்க மாநிலத்துக்கு விண்ணப்பித்தாளோ, அந்த மாநில நர்சிங் வாரியம்தான் முறையான முடிவை அனுப்பும். ஆறு வாரம் வரை ஆகலாம். சில மாநிலங்களில் இரண்டு வேலை நாள் கழித்துக் கட்டணம் செலுத்தி, அதிகாரபூர்வமற்ற முடிவைப் பார்க்கும் வசதி உண்டு. அதைப் பார்ப்பதில் தவறில்லை.

ஆனால் பிள்ளைகளிடையே வேறொரு வழக்கம் இருக்கிறதாம். தேர்வு எழுதி வந்த உடனே அதே தேர்வுக்கு மறுபடி பணம் கட்டிப் பதிவுசெய்ய முயல்வது. பதிவை ஏற்க மறுத்தால் பாஸ், பணம் கேட்டால் ஃபெயில் என்று எடுத்துக்கொள்வது. காலாவதியான கார்டு எண்ணைப் போடுகிறவர்களும் உண்டாம். இதை ஃபால் என்று நான் சொல்லமாட்டேன். ஜோசியக்காரன் யாரும் நடுவில் இல்லை. ஆனால் பணம் கட்டுகிற எண்ணமே இல்லாமல், செல்லாது என்று தெரிந்தே ஒரு கார்டைக் கொடுப்பது உண்மையான பேச்சல்ல. தேர்வை நடத்தும் கவுன்சிலும் இந்த வழியை நம்பவேண்டாம் என்கிறது. அதை நம்பி இரவெல்லாம் அழுதவளும் இருப்பாள், ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டுப் பிறகு தலைகுனிந்தவளும் இருப்பாள்.

அடையாளம் தேடுவது மனித இயல்புதான். கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஹிஜ்ரி 9-இல் தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்டார்கள். பொய்க்காரணம் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை காத்திரு என்று உத்தரவாயிற்று. யாரும் அவர்களோடு பேசவில்லை. அவர்களோடு இருந்த மற்ற இருவரும் வீட்டிலேயே அழுதுகொண்டு இருந்துவிட்டார்கள். கஅப் (ரலி) மட்டும் ஜமாஅத் தொழுகைக்கு வந்தார்கள், கடைவீதிக்குப் போனார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல அந்த உதடுகள் அசைந்தனவா என்று கவனிப்பார்கள். ஸஹாபியே உதட்டசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், போனைப் பார்க்கும் பிள்ளையை நாம் ஏன் திட்டவேண்டும்?

ஆனால் கஸ்ஸான் அரசன், உன்னை உன் தலைவர் ஒதுக்கிவிட்டாராமே, எங்களிடம் வந்துவிடு என்று கடிதம் அனுப்பியபோது, அதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்கள். காத்திருப்பவர்களைத் தேடி இப்படிப்பட்ட கடிதங்கள் இன்றும் வரும். "ரிசல்ட்டை முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம், பணம் அனுப்புங்கள்" என்று யாராவது கேட்டால் அதற்கும் அடுப்புதான் இடம்.

ஐம்பதாவது நாள் ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் தம் வீட்டு மாடியில் இருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து ஒருவர் உரத்த குரலில் நற்செய்தி சொன்னார். அந்த இடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார்கள். ஐம்பது நாளும் தொழுகை விடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஹஸ்ரத், முடிவு கம்ப்யூட்டர்ல ஏற்கனவே பதிவாகிடுச்சே. இப்ப துஆ கேட்டு என்ன மாறப்போகுது?" நல்ல கேள்வி. நீ இன்று கேட்கப்போகும் துஆவை அல்லாஹ் அன்றே அறிந்தவன். நீ தேர்வு அறையில் உட்கார்ந்திருந்தபோதே, பின்னால் நீ கேட்கப்போகும் துஆவுக்காக உனக்கு உதவ அவனால் முடியும். அதனால் கேள். இஸ்திகாரா மட்டும் இப்போது வேண்டாம். அது ஒரு காரியத்தில் இறங்கும் முன் தொழுவது. அமெரிக்கா போவதா வேண்டாமா என்பதற்குத் தொழுதுகொள்.

வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. "ரிசல்ட் வந்துருச்சா?" என்று தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்காதீர்கள். "முடிவு வரட்டும், அப்புறம் சம்பந்தம் பேசலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்புவதும் நடக்கிறது. பெண்ணைப் பார்க்கிறீர்களா, அவள் லைசென்ஸைப் பார்க்கிறீர்களா? தவறிப்போனாலும் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எந்தப் பாடத்தில் பலவீனம் என்று அறிக்கையும் தருவார்கள்.

அந்தத் தந்தையை நேற்று பார்த்தேன். முடிவு இன்னும் வரவில்லை. மகள் லீவை ரத்து செய்துவிட்டு நைட் டூட்டிக்குப் போய்விட்டாளாம். வார்டில் ஒரு வயதான அம்மாவுக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்ததில் நான்கு மணி நேரம் போன் ஞாபகமே வரவில்லை என்று சொன்னாளாம். ஜும்ஆ தொழுகைக்குப் பின் அவளுக்காகவும், இப்படிக் காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆ செய்வோம். யா அல்லாஹ், அவர்களுக்கு எதில் நன்மை இருக்கிறதோ அதைக் கொடுத்து, அதில் மனநிறைவையும் கொடுப்பாயாக. ஆமீன்.