டியூ முடியாத வண்டியை விடுறது எப்படி?

எண்ணூர் விரைவுச் சாலையில வரிசையா நிக்கிற கன்டெய்னர் டிரெய்லர்கள்ல ஏதாவது ஒண்ணோட ஆர்.சி.யை வாங்கிப் பாருங்க. ஓனர் பேரோட இன்னொரு பேரும் இருக்க வாய்ப்பு அதிகம். வண்டிக்குப் பணம் கொடுத்த பேங்க் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனியோட பேரு அது. திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ, காசிமேட்டுல மீன் ஏத்துற குட்டி யானை, நம்ம காலேஜ் பார்க்கிங்ல நிக்கிற பைக், எல்லாத்துலயும் இதைப் பார்க்கலாம். பேச்சு வழக்குல இதுக்குப் பேரு எச்.பி. வாங்கும்போது ஷோரூம்காரங்களே ஏத்திக் கொடுத்துடுவாங்க. அதை இறக்குறதுலதான் பலரும் மாட்டிக்கிறாங்க.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட பிரிவு 51, மூணு வகை ஒப்பந்தங்களைச் சேர்த்துப் பேசுது. வாடகைக் கொள்முதல்ல கடைசித் தவணை கட்டுற வரைக்கும் வண்டி கம்பெனியோடது. ஹைப்பாதிகேஷன்ல வண்டி உங்களோடது, ஆனா கடனுக்கு ஈடா நிக்குது. இன்னைக்கு பேங்க்ல கார் லோன் போட்டா பெரும்பாலும் இதுதான். லீஸ்ல வண்டி லீஸ் கம்பெனியோடது, நீங்க மாசாமாசம் வாடகை கட்டி ஓட்டுறீங்க. (நம்ம ஏரியாவுல லீஸ்னா மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு வாடகை இல்லாம குடியிருக்கிற வீடுதான் ஞாபகம் வரும். கார் லீஸ்ல அப்படிக் கொடுத்த பணம் திரும்பி வராது.) மூணுலயும் நடுவுல வெளிய வரணும்னா வழி மூணுதான்: முன்கூட்டியே முடிக்கணும், இல்லன்னா காலத்தை நீட்டிக்கணும், இல்லன்னா வேற ஆளுக்கு மாத்தணும்.

முடிக்கிறதுல கணக்கைப் பார்ப்போம். 6 லட்சம் கடன், குறையும் நிலுவைக்கு 12% வட்டி, 48 மாசம். டியூ சுமார் 15,800 வரும். 24 மாசம் ஒழுங்கா கட்டியாச்சு. பாதி காலம் முடிஞ்சதால பாதிக் கடன், அதாவது 3 லட்சம்தான் பாக்கின்னு நினைப்போம். ஆனா பாக்கி 3,35,650. முதல் மாசத்து டியூவுல 6,000 வட்டிக்கே போயிடுது. கடன் குறையக் குறையத்தான் அசலுக்குப் போற பங்கு கூடும். அதனால இன்னைக்கே மொத்தமா கட்டி முடிச்சா மிச்சமாகிற வட்டி சுமார் 43,500. இதுலயும் முன்கூட்டி முடிக்கிறதுக்கான கட்டணத்தைக் கழிக்கணும். அது எத்தனை சதவீதம்னு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கும்.

"வெறும் 7% வட்டி தம்பி"ன்னு யாராவது சொன்னா, பிளாட் வட்டியான்னு கேளுங்க. அதே 6 லட்சத்துக்கு 4 வருஷம் 7% பிளாட்னா டியூ 16,000. அசல் குறைஞ்சாலும் முழு 6 லட்சத்துக்குமே கடைசி வரைக்கும் வட்டி போடுறாங்க. நிஜ வட்டி 12.7% பக்கம் வருது. எக்செல்ல ரேட் ஃபங்ஷன்ல போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை.

பணத்தைக் கட்டிட்டா முடிஞ்சதுன்னு பலரும் விட்டுடுறாங்க. கம்பெனி கிட்ட இருந்து என்.ஓ.சி.யும் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வுல கொடுத்து எச்.பி.யை ரத்து பண்ணணும். அதுவரைக்கும் ஆர்.சி.யைப் பொறுத்தவரை உங்க கடன் உயிரோடதான் இருக்கு. அஞ்சு வருஷம் கழிச்சு வண்டியை விக்கும்போதுதான் இது நினைவுக்கு வரும். அதுக்குள்ள அந்த ஃபைனான்ஸ் கம்பெனி இன்னொண்ணோட இணைஞ்சிருந்தா அலைச்சல் இரட்டிப்பு.

நீட்டிக்கிறதுக்கு வருவோம். துறைமுக வாசல்ல டிரெய்லர் ரெண்டு நாள் காத்துக் கிடந்தா அந்த ரெண்டு நாள் டிரிப் போச்சு. டியூ தேதி மட்டும் நகராது. அப்போ காலத்தை நீட்டினா மூச்சு விடலாம்தான். மேல சொன்ன பாக்கி 3,35,650-ஐ 24 மாசத்துக்குப் பதிலா 36 மாசமா நீட்டினா டியூ சுமார் 11,150-ஆ இறங்கும். அதுக்கு விலை, மொத்தத்துல கூடுதலா 22,000 ரூபா. 2020 மார்ச் மாசம் ரிசர்வ் வங்கி அறிவிச்ச தவணை ஒத்திவைப்பும் இந்த வகைதான். ஆகஸ்ட் வரைக்கும் கட்ட வேண்டாம்னாங்க, வட்டி நிக்கல. வட்டிக்கு வட்டி போடக்கூடாதுன்னு 2021 மார்ச்ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. ஆனா அந்த மாசங்களோட சாதாரண வட்டியைத் தள்ளுபடி பண்ணல.

நீட்டிக்கும்போது ஜாமீன் போட்டவரையும் கூப்பிடச் சொல்வாங்க. அதுக்குக் காரணம் 1872 ஒப்பந்தச் சட்டத்தோட பிரிவு 133. ஜாமீன்தாரர் சம்மதம் இல்லாம நிபந்தனையை மாத்தினா, அதுக்குப் பிறகு நடக்கிறதுக்கு அவர் பொறுப்பில்ல. மாமா, சித்தப்பான்னு யாருக்காவது நீங்க ஜாமீன் கையெழுத்துப் போடப் போறீங்கன்னா, பிரிவு 128-ஐயும் படிச்சிடுங்க. கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, வேற மாதிரி எழுதலைன்னா உங்களுக்கும் அவ்வளவு.

குடும்பங்கள் உண்மையிலேயே நொந்து போறது மூணாவது வழியில. "இன்னும் 20 டியூதான் பாக்கி, கையில 60,000 கொடு, மீதியை நீயே கட்டிக்கோ"ன்னு டீக்கடையிலயே பேசி முடிச்சிடுவாங்க. ஒரு பத்திரத்தாள்ல ரெண்டு கையெழுத்து, கூட எதுவும் நிரப்பாத படிவம் 29, 30. சாவி கை மாறும், வண்டி போயிடும்.

இந்தப் பேச்சுல கடன் கொடுத்தவர் எங்க இருந்தார்? ஒப்பந்தச் சட்டம் பிரிவு 62-படி பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலா புதுசு வரணும்னா, அதுல இருக்கிறவங்க எல்லாரும் ஒத்துக்கணும். கடன்ல ஒரு பக்கம் ஃபைனான்ஸ் கம்பெனி. அவங்க சம்மதிக்காம நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கிட்டது உங்களுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஆர்.டி.ஓ.வும் மாத்தித் தர முடியாது. ஃபைனான்சியரோட எழுத்துபூர்வ சம்மதம் இல்லாம ஓனர் பேரை மாத்தக் கூடாதுன்னு பிரிவு 51(4) சொல்லுது.

வாங்கினவர் நாலு மாசம் டியூ கட்டாம விட்டா போன் வர்றது வித்தவருக்கு, சிபில் ஸ்கோர் இறங்குறதும் அவருக்கு. ஒழுங்கா கட்டினாலும் சிக்கல்தான். கடைசியில என்.ஓ.சி. வித்தவர் பேருலதான் வரும், அவரைத் தேடிக்கிட்டு வாங்கினவர் அலையணும். வித்தவர் இன்னொரு கடன்ல மாட்டி இந்த வண்டியை சீஸ் பண்ண வந்தா, "நான்தான் சார் டியூ கட்டுறேன்"ங்கிறதுக்கு ஒப்பந்தத்துல இடமே இல்ல. அடியாட்களை வச்சு வண்டியைப் பிடுங்கக் கூடாதுன்னு 2007-ல ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்குல உச்ச நீதிமன்றம் கண்டிச்சிருக்கு. அது பிடுங்குற முறையைப் பத்தினது. கடனை அது அழிக்காது.

விபத்துன்னா இன்னும் மோசம். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல (2018 பிப்ரவரி) அந்தக் கார் ஒண்ணு மாத்தி ஒண்ணா பல கை மாறியிருந்துச்சு, ஆர்.சி.யில மட்டும் பழைய பேரு. 2009-ல நடந்த விபத்துல ஒரு சிறுவன் இறந்துட்டான். ஆர்.சி.யில பேரு இருக்கிறவர்தான் சட்டப்படி ஓனர், இழப்பீடும் அவர்தான் கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. காரை வித்துட்டேன்னு சொன்னது எடுபடல.

அப்போ சரியா மாத்துறது எப்படி? ரெண்டு பேரும் சேர்ந்து ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போகணும். ஒண்ணு, வாங்குறவர் பணத்தை நேரா கடன் கணக்குலயே கட்டி, கணக்கை முடிச்சு, என்.ஓ.சி. வந்த பிறகு பேரை மாத்துறது. இல்லன்னா வாங்குறவர் வருமானத்தைப் பார்த்து அவங்களே அவர் பேருல புதுக் கடன் எழுதிக் கொடுக்குறது. அவங்க மறுத்தா வற்புறுத்த வழியில்ல. பிறகு படிவம் 29, 30. மாநிலத்துக்குள்ளயே வித்தா வித்தவர் 14 நாள்ல தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாள்ல விண்ணப்பிக்கணும். இன்சூரன்சை மாத்த வாங்கினவருக்கு 14 நாள்தான். அதை மாத்தாம வண்டி அடிபட்டா, சொந்த வண்டிக்கான கிளைம் கிடைக்கிறது கஷ்டம்.

பிளேஸ்மென்ட் ஆகிப் போறவங்களுக்கு ஒண்ணு. சில கம்பெனிகள்ல சம்பளத்தோட ஒரு பகுதியா கார் லீஸ் கொடுப்பாங்க. ரெண்டு வருஷத்துல வேலை மாறினா, புதுக் கம்பெனி அதே லீஸ் கம்பெனியோட ஒப்பந்தம் வச்சிருந்தாதான் காரை அங்க மாத்துறது சுலபம். இல்லன்னா லீஸை நடுவுல முடிக்கிற தொகையை நீங்க கட்டணும், அல்லது மிச்ச மதிப்பையும் சேர்த்துக் கொடுத்து காரையே வாங்கிக்கணும். ஆஃபர் லெட்டரோட லீஸ் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, நடுவுல முடிக்கிற தொகையை எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னு இருக்கிற பக்கத்தை முதல்ல படிங்க.